கடைசிச் சொட்டும் உள்ளே போகும் காற்றும்: திரவம் வார்க்கும் கலங்களையும் வால்வுகளையும் புதிதாக வடிவமைக்கும் முறை

அம்பாசமுத்திரம் சாலையில் உள்ள ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையில், நல்லெண்ணெய் டிரம்மின் குழாய்க்கு அடியில் ஓர் அலுமினியத் தட்டும் அதன்மேல் மடித்த பழந்துணியும் எப்போதும் கிடக்கும். குழாயை இறுக மூடிய பின்னும் மூன்று நான்கு சொட்டுகள் விழும். அவற்றைத் துணி குடித்துக்கொள்ளும். "அண்ணாச்சி, இதுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்று கேட்டேன். "எண்ணெய்க் கடைன்னா சொட்டத்தான செய்யும்" என்றார். புதிய கலம் ஒன்றை வடிவமைக்க விரும்புகிறவர் தேடிப் போக வேண்டியது இந்த மாதிரிப் பதிலைத்தான். குறை என்றே தெரியாத அளவுக்குப் பழகிப்போன குறைதான் நல்ல தொடக்கம்.

தொடக்கத்திலேயே குறையை எண்ணாக மாற்றிவிடுங்கள். தண்ணீர் ஒரு மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 20 துளி என்பது மருந்துக் கணக்கு. எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிக்கும் குறைவாதலால் அதன் துளி சிறியது. ஏறத்தாழ 40 துளி சேர்ந்தால்தான் ஒரு மில்லி லிட்டர் ஆகும். ஒரு முறை வார்த்தால் 3 துளி, நாளொன்றுக்கு 200 முறை வார்ப்பு என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 15 மி.லி., ஆண்டுக்கு 5 லிட்டருக்கு மேல். இந்தக் கணக்கைக் கடைக்காரரிடம் சொன்ன பிறகுதான் அவர் துணியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மின்னணுத் தராசு இருந்தால் இன்னும் நல்லது: கடை திறக்கும்போது துணியை எடை போடுங்கள், அடைக்கும்போது மறுபடியும் போடுங்கள். பிற்பாடு நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு மாதிரியையும் அந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

திரவத்தை வெளியே விடுவது எளிது. வேண்டிய நொடியில் அதை நிறுத்துவதும், அது விட்டுச்சென்ற இடத்துக்குக் காற்றை ஒழுங்காக வரவழைப்பதுமே கடினம். நான் பார்த்த புதிய கலங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால்தான் கெட்டன.

திரவத்தோடு பழகுதல்

எந்தத் திரவத்துக்காகச் செய்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் வால்வைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஓர் எவர்சில்வர் டம்ளரின் அடியில் 4 மி.மீ. துளை போட்டு, அது முழுவதும் வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று முதலில் தண்ணீருக்கும், பிறகு உங்கள் திரவத்துக்கும் பாருங்கள். பெயிண்ட் தொழிலில் பாகுநிலையை, அதாவது திரவம் எவ்வளவு கெட்டி என்பதை, அளக்க இதே வகைக் கிண்ணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரைவிட நல்லெண்ணெய் பல பத்து மடங்கு கெட்டியானது. விளக்கெண்ணெய் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. மார்கழி விடியற்காலையிலும் சித்திரை நண்பகலிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். நல்லெண்ணெயின் பாகுநிலை இந்த இரண்டு பொழுதுகளுக்கு இடையே ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், காலையில் அளவாக வார்த்த குழாய் மதியத்தில் கொட்டும். தேங்காய் எண்ணெயோ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்குவது. செங்கோட்டை, குற்றாலம் பக்கம் மலைக்காற்று அடிக்கும் காலைகளில் குறுகிய துளை உள்ள எந்த வால்வும் அதனிடம் தோற்கும்.

குழாயை அகலப்படுத்துவதன் பலனைப் பலரும் குறைத்தே மதிக்கிறார்கள். கெட்டியான திரவம் ஒரு குழலில் மெதுவாக ஓடும்போது, ஓட்டத்தின் அளவு குழலின் ஆரத்தினுடைய நான்காம் அடுக்கைப் பொறுத்தது. இது 1840-களில் பிரெஞ்சு மருத்துவர் பொய்சொய் வெளியிட்ட விதி. விட்டத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும். ஆகவே எண்ணெய் மெதுவாக வருகிறது என்று டிரம்மை உயரத்தில் தூக்கி வைப்பதைவிட, குழாயைக் குட்டையாக்கி, 15 மி.மீ.-க்குப் பதில் 20 மி.மீ. விட்டம் கொடுப்பது மேல்.

திரவம் எதைத் தின்னும் என்பதையும் பார்க்க வேண்டும். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்துவிடும். தண்ணீர்க் குழாய்க்கு நன்றாக உழைக்கும் இ.பி.டி.எம். ரப்பரும் எண்ணெய்க்கு ஆகாது. எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர், உணவுத் தரச் சிலிக்கோன் ஆகியவற்றைப் பாருங்கள். மோர், புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பண்டங்களுக்கு ஈயம் பூசாத பித்தளைக் குழாய் வைக்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கடைகளில் அழகுக்காக இப்போதும் வைக்கிறார்கள். பிளாஸ்டிக் பாகம் என்றால், உணவோடு தொடர்புபடும் பாலிபுரொப்பிலீனுக்கான ஐ.எஸ். 10910 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்ட மூலப்பொருளா என்று வாங்குமிடத்தில் கேளுங்கள்.

காற்றுக்கு வழி

15 கிலோ எண்ணெய் டின்னை உடைப்பவர்கள் மூலைக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை போடுவார்கள். ஒன்றில் எண்ணெய் வரும், எதிர்மூலையில் காற்று போகும். ஓர் ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெயும் காற்றும் அதே வாயில் முறைவைத்துப் போட்டியிடும். டின் 'களக் களக்' என்று குதிக்கும், எண்ணெய் வெளியே தெறிக்கும். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், விற்பனைக்கு வரும் கேன்களில் பலவும் காற்றுவழி இல்லாதவை. புதிய கலம் ஒன்றைக் காகிதத்தில் வரையும்போது திரவம் வெளியேறும் பாதையை நீல மையிலும், காற்று நுழையும் பாதையைச் சிவப்பு மையிலும் வரைந்து பாருங்கள். இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அந்த வடிவம் குதிக்கும்.

காற்று நுழையும் இடத்தைத் தந்திரமாக மாற்றினால், கலம் காலியாகிக்கொண்டே வந்தாலும் ஓட்டத்தின் வேகம் மாறாமல் வைக்கலாம். 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிவியலாளர் எட்மே மரியோத்தின் பெயரால் வழங்கும் குடுவை இதைத்தான் செய்கிறது. இதன் தேவை நம் ஊரில் எங்கே இருக்கிறது என்பதற்குத் தொலைவு போக வேண்டாம். அக்கினி நட்சத்திர நாட்களில் சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் தொங்கும். அடித்துளை வழியாக நீர் சொட்டும். நிறைந்திருக்கையில் விரைவாகவும் வற்ற வற்ற மெதுவாகவும் சொட்டும். துளையிலிருந்து வெளியேறும் வேகம் மேலே நிற்கும் நீர் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று டோரிசெல்லி 1640-களில் கண்டார். 40 செ.மீ. உயரம் நீர் நிற்கும் கேனின் அடியில் வேகம் விநாடிக்கு 2.8 மீட்டர், அதுவே 5 செ.மீ.-ஆக வற்றும்போது 1 மீட்டர்.

செய்துபார்க்க 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று போதும். அடிப்பக்கத்தில் 4 மி.மீ. வாயுள்ள குழாயைப் பொருத்துங்கள். மூடியைக் காற்றுப் புகாதபடி ரப்பர் வளையம் வைத்து இறுக்கி, அதன் நடுவில் துளையிட்டு, இரு முனையும் திறந்த ஒரு குழலை உள்ளே செருகுங்கள். குழலின் கீழ்முனை வெளியேறும் வாய்க்குச் சரியாக 5 செ.மீ. மேலே நிற்க வேண்டும். குழல் மூடியைத் துளைக்கும் இடத்திலும் காற்று கசியக் கூடாது. குழாயைத் திறந்தால் குழலின் கீழ்முனையில் குமிழ் குமிழாகக் காற்று வரும். அந்த முனையில் எப்போதும் வெளிக்காற்றின் அழுத்தமே இருப்பதால், கேனில் நீர் எவ்வளவு இருந்தாலும் ஓட்டத்தைத் தள்ளும் உயரம் அந்த 5 செ.மீ. மட்டுமே. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர். 4 மி.மீ. துளையின் பரப்பையும், நீர்த்தாரை துளையைவிடச் சுருங்குவதற்கான 0.6 என்ற காரணியையும் சேர்த்துக் கணக்கிட்டால் விநாடிக்கு 7.5 மி.லி. வரும்; 200 மி.லி. டம்ளர் 27 விநாடியில் நிறையும். நீர்மட்டம் குழலின் கீழ்முனைக்கு இறங்கும்வரை இது மாறாது. எண்ணெய்க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அளந்தே தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் மாறாத ஓட்டம் என்ற குணம் அதற்கும் உண்டு.

இந்தக் குடுவைக்கு ஒரு பகை உண்டு, அது வெயில். மூடியிருக்கும் கேனின் மேல்பகுதிக் காற்று 10 டிகிரி சூடேறினாலே, காற்றின் விரிவும் நீராவியின் அழுத்தமும் சேர்ந்து, குழலுக்குள் நீரை அரை மீட்டர் வரை எழுப்பி மேல்வாயில் வழியவிடக்கூடும். ஐரோப்பிய ஆய்வகத்துக்குப் பொருந்திய கருவி பாளையங்கோட்டைத் தெருவோரத்தில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று நான் ஒரு வாரம் குழம்பியது இதனால்தான். நிழலில் வையுங்கள், அல்லது கேனை ஈரச்சாக்கால் சுற்றுங்கள்.

விளிம்பு

வார்த்து நிறுத்தும்போது திரவம் வாயின் அடிப்பக்கமாகத் திரும்பிக் கலத்தின் உடலில் வழிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டீப்பாத்திரத்தில் தெளிவாகத் தெரிவதால் உலகெங்கும் அதன் பெயராலேயே இதைக் குறிப்பிடுகிறார்கள். மெதுவாக ஓடும் திரவம் உருண்டையான விளிம்பை விட்டுப் பிரிய மனமில்லாமல் ஒட்டிக்கொண்டு வளைகிறது. விளிம்பு கூர்மையாக இருந்தால் ஒட்டுவதற்கு இடம் இருப்பதில்லை. குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கை எடுத்துப் பாருங்கள். அதன் மூக்கு மெல்லியதாகவும் கூர்மையாகவும் நீண்டிருக்கும். பதநீர் குடிக்கப் பனையோலையை மடித்துச் செய்யும் பட்டையும் அப்படித்தான். ஓலையின் கத்தரித்த ஓரம் இயற்கையாகவே மெல்லியது, அதன் மழமழப்பான மேல்தோலில் நீர் எளிதில் ஒட்டாது. பிளாஸ்டிக்கில் வார்ப்பவர்கள் அச்சிலிருந்து எளிதாகக் கழற்றுவதற்காக விளிம்பை உருட்டிவிடுகிறார்கள். அச்சு செய்பவரிடம் இந்த ஓர் இடத்தில் மட்டும் வாக்குவாதம் செய்யத் தயங்காதீர்கள்.

கூர்மையாக்கியும் ஒரு சொட்டு நிற்கும் என்றால், அது திரும்பி உள்ளே போக வழி செய்யுங்கள். வார்க்கும் மூக்கைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம் போல் பள்ளம் அமைத்து, அதன் தாழ்ந்த இடத்தில் கலத்துக்குள் இறங்கும் ஒரு துளை வைத்தால் போதும். அந்தத் துளையே காற்றுவழியாகவும் உழைக்கும். துணி சோப்புத் திரவப் புட்டிகளில் பலவும் இப்படித்தான் இருக்கின்றன.

வால்வு

நெல்லைச் சீமையின் குளங்கள் பலவற்றில், கரையிலிருந்து சற்று உள்ளே நீருக்கு நடுவில் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்குக் கீழே, துளையிட்ட கல்லை மேலிருந்து அடைக்கும் குமிழி இருக்கும். அதைத் தூக்கினால் நீர் அடித்தளச் சுரங்கம் வழியாகக் கரைக்கு அப்பால் வயலுக்குப் போகும். குமிழித் தூம்பு எனப்படும் இந்த அமைப்பு பாண்டியர் காலக் குளங்களில் பரவலாக உண்டு. வால்வு வடிவமைப்பவருக்கு இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. நீரின் எடையே குமிழியைத் துளையில் அழுத்துவதால், அழுத்தம் கூடக் கூட அடைப்பு இறுகும். ஆனால் திறக்கும்போது அந்த எடையை வெல்ல வேண்டும்: 3 மீட்டர் ஆழத்தில் 15 செ.மீ. துளை என்றால் ஏறத்தாழ 53 கிலோ. நம் எண்ணெய் டிரம்முக்கோ, தண்ணீர்ப் பானைக்கோ இந்தக் கவலை இல்லை, 40 செ.மீ. நீருக்கு அடியில் 20 மி.மீ. துளையை அடைக்கும் குமிழியின் மேல் விழுவது 125 கிராம்தான். ஒரு விரலால் தூக்கிவிடலாம். ஆகவே சிறு கலங்களுக்கு, உள்ளிருந்து அடைக்கும் குமிழியும், அதை விட்டவுடன் தானே உட்காரச் செய்யும் மெல்லிய ஸ்பிரிங்கும் சிக்கனமான ஏற்பாடு.

சொட்டுக்கு வருவோம். குழாய் மூடிய பிறகு விழுவது, அடைக்கும் இடத்துக்கும் வாய்முனைக்கும் இடையே தேங்கிய திரவம். சாதாரணக் குழாயில் இந்த இடைவெளி 5, 6 செ.மீ. இருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் அது வடிந்தே தீரும். இறுக்கி இறுக்கி வாஷரைக் கிழிப்பதுதான் மிச்சம். அடைக்கும் இடத்தை வாய்முனைக்கே கொண்டு வாருங்கள். அதாவது கைப்பிடி மேலே இருக்கட்டும், ஒரு நீண்ட கம்பியின் நுனியில் உள்ள கூம்பு குழாயின் கடைசி விளிம்பில் உட்காரட்டும். அந்த எண்ணெய்க் கடைக்கு நாங்கள் செய்தது இதுதான்; பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் எவர்சில்வர் கம்பி கடைந்து, நுனிக்கு நைட்ரைல் ரப்பர் வளையம் (ஓ ரிங்) போட்டோம். முதல் மாதிரியில் கூம்பு வெளியே நீட்டிக்கொண்டு அதன் மூக்கிலேயே ஒரு சொட்டு தொங்கியது. கூம்பின் அடியைத் தட்டையாக்கி, விளிம்புக்கு அரை மி.மீ. உள்ளே நிறுத்திய பிறகு தொங்கவில்லை.

துளையிட்ட பந்து ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பி மூடும் வழக்கமான பந்து வால்வு விலை மலிவு, உறுதி, திறந்தால் தடையே இல்லை. எண்ணெய்க்கு அது பழுதில்லை. பாலுக்கும் பதநீருக்கும் வைக்கவே வைக்காதீர்கள்: மூடும்போது பந்தின் துளைக்குள்ளும் அதைச் சுற்றியும் கொஞ்சம் திரவம் சிறைப்படும், கழுவினாலும் போகாது, மறுநாள் புளித்து முழுக் கலத்தையும் கெடுக்கும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் பூசும் சுண்ணாம்பும் சேர்ந்து பந்தின் மேல் படிந்து சுரண்டும். இதற்கு நசுக்கு வால்வு உகந்தது. சிலிக்கோன் குழல் ஒன்றை வெளியிலிருந்து ஒரு கவ்வியால் அழுத்தி மூடுவதுதான் அது. மருத்துவமனையில் சலைன் புட்டியின் குழலில் உருளைச் சக்கரம் ஒன்று இருக்கிறதே, அதே தத்துவம். திரவம் குழலைத் தவிர எதையும் தொடாது. குழலைக் கழற்றிக் கொதிநீரில் போடலாம், தேய்ந்தால் புதியது வெட்டிக்கொள்ளலாம்.

பிழிந்து வார்க்கும் புட்டிகளுக்கு வேறொரு வழி உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வார்ப்புக்கூடம் நடத்திய பால் பிரவுன் என்பவர் 1991-இல், ஷாம்பு புட்டிக்காக, கீறலிட்ட சிறு சிலிக்கோன் கிண்ணம் ஒன்றைச் செய்தார். பிழிந்தால் கீறல்கள் இதழ்போல் வெளியே விரியும். விட்டால் மூடிக்கொண்டு, நுனியில் இருந்ததையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். தலைகீழாக நிற்கும் தக்காளிச் சாஸ் புட்டிகள் இதனால்தான் சாத்தியமாயின. நம் ஊர் மாவடு, எலுமிச்சை ஊறுகாய் மசாலாவுக்கு இதை முயன்று பார்த்தேன். கடுகுத் தோல் கீறலில் மாட்டிக்கொண்டு மூட விடவில்லை. துகள் உள்ள திரவத்துக்கு இது ஆகாது.

மண்பானைக்குக் குழாய்

காருகுறிச்சிப் பானைக்குக் குழாய் வைப்பது இப்போது பெருகிவருகிறது. கசிவதாகக் குறையும் பெருகிவருகிறது. பெரும்பாலும் சுட்ட பானையில் டிரில் போடுவதே காரணம். மண் பாதி காய்ந்து தோல்போல இருக்கும் பருவத்திலேயே துளை வெட்டச் சொல்லுங்கள். மண் காய்ந்தும் சுட்டும் சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் வேறுபடும். பச்சை மண் பலகையில் 100 மி.மீ. கோடு கீறி, சுட்ட பிறகு அளந்தால் அந்தச் சூளையின் சுருக்கம் தெரிந்துவிடும். அதற்கேற்பத் துளையைப் பெரிதாக வெட்ட வேண்டும். பானையின் சுவர் வளைந்தது, குழாயின் நட்டு தட்டையானது. இரண்டுக்கும் இடையே கடினமான வாஷர் வைத்து இறுக்கினால் ஒன்று கசியும், அல்லது பானை விரியும். துளையைச் சுற்றி உள்ளும் புறமும் மண்ணைத் தட்டையாகத் தட்டிவிடச் சொல்வதும், 3 மி.மீ. தடிமனுள்ள மிருதுவான சிலிக்கோன் வாஷரை இரு பக்கமும் வைத்துக் கையால் மட்டும் இறுக்குவதும் போதுமானவை. பானையின் வியர்வை நட்டு வழியாக வழிவதைக் கசிவு என்று நினைத்து மேலும் முடுக்குபவர்கள் உண்டு. வியர்த்தால்தான் தண்ணீர் குளிரும்.

காட்டுவதற்கு முன்னும் பின்னும்

வடிவம் கைகூடியதும் ஊரெல்லாம் காட்டத் தோன்றும். நான் ஒருமுறை ஒரு கண்காட்சி மேசையில் மாதிரியை வைத்துவிட்டு, காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான், முன்பே காட்டிவிட்டதால் சட்டப்படி புதுமை போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன். முதலில் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கத்தை, பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டுக்குரிய காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது, இணைய வழியாகவும் விண்ணப்பிக்கலாம், அப்படி விண்ணப்பித்தால் தனிநபருக்கான பதிவுக் கட்டணம் 1,600 ரூபாய். அடுத்த 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். காப்புரிமை கிடைத்தால் பதிவு நாளிலிருந்து 20 ஆண்டுகள். முன்னரே யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடும்போது, பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் வால்வுகளுக்கு எஃப் 16 கே என்ற வகையிலும், வார்க்கும் மூடிகளுக்கு பி 65 டி 47 என்ற வகையிலும், திரவம் வழங்கும் கருவிகளுக்கு பி 67 டி என்ற வகையிலும் பாருங்கள். தெரிந்த இரண்டு கருவிகளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனித்தனியாகச் செய்தால், 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவுப்படி அது கண்டுபிடிப்பு ஆகாது. மரியோத் குழலும் சொட்டாத கூம்பும் ஒரே கேனில் இருப்பது மட்டும் போதாது. ஒன்றால் மற்றொன்றின் வேலை எப்படி மாறுகிறது என்று எழுத முடிய வேண்டும். தோற்றம் மட்டுமே புதிது என்றால் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதியலாம். முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் 15 ஆண்டு. உங்கள் கலம் அளந்து விற்கப் பயன்படுவதானால் 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரை பெறாமல் கடையில் வைக்க முடியாது.

பதிவுக்குப் பின் மாதிரிகளை மூன்று கடைகளுக்குக் கொடுங்கள்; விளக்கம் எதுவும் சொல்லாமல் கொடுங்கள். அதற்கு முன் நீங்களே ஆயிரம் முறை திறந்து மூடி, ஒவ்வொரு நூறுக்கும் சொட்டை எடை போட்டிருக்க வேண்டும். கருவி எதுவும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் கழற்றிக் கழுவ முடிகிறதா என்பதைக் கடையில் வேலை பார்க்கும் பையனிடம் கொடுத்துப் பாருங்கள், நீங்கள் செய்து காட்டாதீர்கள். எங்கள் எண்ணெய்க் குழாயை நான்காம் நாள் பார்க்கப் போனபோது, கடைக்காரர் கைப்பிடியில் ஒரு சணல் கயிற்றைக் கட்டிக் கல்லாவிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தார். கைப்பிடி அவருக்கு எட்டாத பக்கம் இருந்தது. அடுத்த மாதிரியில் கம்பியின் தலையை எந்தப் பக்கமும் திருப்பிப் பொருத்தும்படி கடைந்தோம்.